வட்டா, வடமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பல்பைக் கழற்றிப் பக்கத்து அறையில் மாட்டிப் பார்க்கிறோம். அங்கே எரிந்தால் பழுது பல்பில் இல்லை, ஒயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது என்று முடிவு செய்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட இதைச் செய்வார். ஆனால் அதே வீட்டில் கணிப்பொறி ஒன்று படுத்துவிட்டால் மட்டும், "ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்" என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிட, நாமும் தலையாட்டிவிடுகிறோம். பல்புக்குக் காட்டிய நிதானத்தைக் கணிப்பொறிக்கு நாம் காட்டுவதில்லை.

சென்ற ஆண்டு நம் துறை ஆய்வகத்தில் இதுதான் நடக்கவிருந்தது. ஜன்னலோரம் இருந்த கணிப்பொறி திடீரென்று மந்தமாயிற்று. தொடங்குவதற்கே இருபது நிமிடம். ஒரு கோப்பை நகலெடுக்கச் சொன்னால் பாதியில் நின்று, சற்று யோசித்து, மீண்டும் நகரும். சில நாட்களில் வட்டே இல்லை என்று கறுப்புத் திரையில் எழுதிக் காட்டும்; மறுபடி அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்யும். மூன்றாமாண்டு அண்ணன்மார், அக்காமார் ஐவரின் ஆய்வேடுகளும் செய்முறைக் கணக்குகளும் அதில்தான் இருந்தன. பார்க்க வந்த பழுதுநீக்குநர் பெட்டியைத் திறக்காமலேயே வட்டு போய்விட்டது என்றார். புதிய வட்டுக்குத் துறையில் பணம் கேட்டு எழுத வேண்டும். அது வருவதற்குள் ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் போய்விடும். அந்த வாரத்தில்தான் நான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் வட்டைப் பற்றிச் சிறிது. 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டு இயந்திரத்தில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அதில் 50 இலட்சம் எழுத்துகளே கொள்ளும். இன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டில் அதைப்போலப் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. காந்தப்பூச்சு பூசிய தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஓர் எழுதுமுனை நகர்ந்து காந்தத் திசைகளைப் பதிக்கிறது, படிக்கிறது. மேசைக் கணிப்பொறியின் வட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதாவது வினாடிக்கு 120 சுற்று. தட்டின் விட்டம் 9.5 சென்டிமீட்டர் என்று கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: அதன் விளிம்பு மணிக்கு 128 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. நம் ஊர்ப் பேருந்து எதுவும் அந்த வேகத்தைக் கண்டதில்லை. இந்த வேகத்தில் எழுதுமுனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு!

இவ்வளவு நுட்பமான பொருள் பழுதுபடுவது வியப்பன்று. இத்தனை ஆண்டுகள் உழைப்பதுதான் வியப்பு. தட்டு, செக்டர் எனப்படும் சிறுசிறு மனைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மனை ஒன்றில் எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாமற்போனால் வட்டு அதனைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கிறது. அடுத்தமுறை அங்கே எழுதும்போது மனை நன்றாக இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். கெட்டது உறுதியானால் தன்னிடமுள்ள உபரி மனைகளில் ஒன்றை அதற்குப் பதிலாக ஒதுக்கிவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இனி வடம். கேபிள் என்று நாம் சொல்வதுதான். பழைய கணிப்பொறிகளில் ரிப்பன் போன்ற பட்டைக் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். 40 ஊசிகளுடன் அகலமாக இருக்கும். வேகம் கூடியபோது பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் சைகைகள் ஒன்றில் ஒன்று கலக்கத் தொடங்கின. ஆகவே, ஒவ்வொரு சைகைக் கம்பிக்கும் இடையே ஒரு நிலக்கம்பியை நுழைத்து 80 கம்பிகள் ஆக்கினார்கள். ஊசிகள் மட்டும் 40தான். 2003இல் முதல் தரவிதி வெளிவந்த சாட்டா முறை அந்தப் பட்டையையே தூக்கி எறிந்தது. இன்று நம் ஆய்வகப் பெட்டிகளில் விரல் அகலத்தில், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஓடுகிறதே, அதுதான் சாட்டா கேபிள். அதில் ஏழே தொடுமுனைகள். மூன்று நிலத்திற்கு, மீதி நான்கும் இரண்டு இணைகள், போவதற்கு ஓர் இணை, வருவதற்கு ஓர் இணை. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே சைகை நேரெதிராகச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டையும் ஒன்றுபோலப் பாதிப்பதால், இரண்டின் வேறுபாட்டை எடுக்கும்போது இரைச்சல் கழிந்துவிடும்.

இயற்பியல் மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாட்டாவின் மூன்றாம் தலைமுறையில் வினாடிக்கு 600 கோடி துடிப்புகள். ஒரு துடிப்பின் நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் செல்லும். கேபிளில் அதைவிடவும் குறைவு. ஆகவே அரை மீட்டர் கேபிளுக்குள் ஒரே சமயத்தில் பத்துக்கு மேற்பட்ட துடிப்புகள் எறும்பு வரிசைபோல் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வேகத்தில் கேபிளை நாம் வெறும் கம்பி என்று எண்ணக்கூடாது. கூர்மையாக மடித்தால், தொடுமுனை சற்றே சாய்ந்தால், இடையில் தூசியோ களிம்போ படிந்தால், சைகையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது; துடிப்பின் வடிவம் சிதைகிறது. விளக்கு ஒயரில் இதே குறை இருந்தால் விளக்கு நன்றாகவே எரியும்!

அப்படியானால் கேபிளில் பிழை நேர்ந்தது கணிப்பொறிக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு என் தந்தையாரின் தொழிலைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும். அவர் நெல் மூட்டை ஏற்றும் தொழிலாளி. களத்தில் மூட்டையை எடுத்துக் கொடுக்கும்போது ஒருவர் எண்ணுவார்; லாரியின் மேலே அடுக்கும்போது இன்னொருவர் எண்ணுவார். என் தந்தையார் முதல் மூட்டையை "ஒன்று" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்றுதான் தொடங்குவார், பிறகு இரண்டு, மூன்று. கடைசியில் இரு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது. அதற்காகக் களஞ்சியத்தில் ஓட்டை என்று யாரும் கூரையைப் பிரிப்பதில்லை.

வட்டும் கணிப்பொறியும் இதையேதான் செய்கின்றன. அனுப்பும் தரவு முழுவதையும் ஒரே எண்ணாகக் கொண்டு, குறிப்பிட்ட ஓர் எண்ணால் வகுத்து, மீதியைத் தரவோடு சேர்த்து அனுப்புகின்றன. பெறும் பக்கமும் வகுத்துப் பார்க்கும். எளிமைக்காக 9ஆல் வகுப்பதாகக் கொள்வோம். 472ஐ 9ஆல் வகுத்தால் மீதி 4. வழியில் அது 482 ஆகிவிட்டால் மீதி 5, உடனே பிடிபடும். 427 என்று இடம் மாறினால் மீதி மீண்டும் 4, பிடிபடாது. இத்தகைய ஏமாற்றுக்கு இடம் கொடாத, இதைவிட வலுவான ஒரு வகுத்தல் முறையைத்தான் கையாள்கிறார்கள். அதற்கு சைக்ளிக் ரிடண்டன்சி செக், சுருக்கமாக சி.ஆர்.சி., என்று பெயர். மீதி ஒத்துவராவிட்டால் பெற்ற தரவைத் தள்ளிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லும். ஆகவே கேபிள் பழுதானால் கோப்பு உடனே கெட்டுவிடுவதில்லை. திரும்பத் திரும்ப அனுப்புவதால் கணிப்பொறி மந்தமாகிறது. பிழைகள் பெருகினால் இணைப்பின் வேகத்தையே பாதியாக, காலாகக் குறைத்துவிடுவதும் உண்டு. நம் ஜன்னலோரக் கணிப்பொறியின் இருபது நிமிடத்திற்கு இதுதான் காரணமாக இருந்தது.

வட்டுக்குள்ளேயே ஒரு நாட்குறிப்பு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். வட்டு தன் உடல்நிலையைத் தானே எண்களில் எழுதி வைத்துக்கொள்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரல் ஒன்றைக் கொண்டு அதைப் படிக்கலாம். நீண்ட பட்டியல் வரும், அஞ்ச வேண்டாம். நமக்கு வேண்டியவை நான்கு வரிகள். 5ஆம் எண் வரி, உபரி மனைகளுக்கு மாற்றப்பட்டவை எத்தனை என்று சொல்லும். 197, சந்தேகப் பட்டியலில் காத்திருப்பவை. 198, முயன்றும் படிக்க இயலாதவை. இம்மூன்றும் வட்டின் நோய்கள். 199 மட்டும் வேறு சாதி: அது வழியில் நேர்ந்த சி.ஆர்.சி. பிழைகளின் எண்ணிக்கை. பழைய பட்டைக் கேபிள் காலத்துப் பெயரான அல்ட்ரா டி.எம்.ஏ. என்பதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. முதல் மூன்றும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால், நாம் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை.

இந்த நிரல் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகக் கணிப்பொறியில் 199க்கு எதிரே "டி6" என்று இருந்தது. என்ன எழுத்து இது என்று நானும் நண்பர்களும் விழித்தோம். டி என்றால் 13. பதின்மூன்றைப் பதினாறால் பெருக்கி ஆறைக் கூட்டினால் 214. மற்ற மூன்றும் சுழியம்.

துறைத்தலைவர் ஐயாவிடம் அனுமதி பெற்று, ஆய்வக உதவியாளர் உடனிருக்கப் பெட்டியைத் திறந்தோம். சில மாதங்களுக்கு முன் மேசையை இடம் மாற்றியபோது, உள்ளே கேபிள்களை ஒழுங்காக இருக்கட்டும் என்று யாரோ பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டியிருந்தார்கள். வட்டின் கேபிள் வீணைத் தந்திபோல் இழுபட்டு, தாய்ப்பலகைப் பக்கத்துச் செருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது பூட்டுக்கொக்கி இல்லாத பழைய வகைக் கேபிள். கட்டை அறுத்துவிட்டு, கொக்கியுள்ள வேறு கேபிளைப் போட்டோம். அன்று மாலையே ஐவரின் ஆய்வேடுகளும் பென்டிரைவுக்கு வந்துவிட்டன. என் வாழ்நாளில் ஆசிரியர் ஒருவர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தது அன்றுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது என் பெருமையைச் சொல்லும் கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் இரண்டு மாதம் கழித்து நடந்ததையும் எழுத வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பழைய கணிப்பொறி ஒன்றில் வைத்திருந்தார். பதினான்கு உறுப்பினர்களின் மூன்றாண்டுச் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் அதில். ஒருநாள் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று என்னை அழைத்தார். திரையில் "டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று வந்தது. சி.ஆர்.சி. என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கேபிள்தான் அக்கா, பயப்படாதீங்க" என்றேன். ஸ்மார்ட் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேபிளை மாற்றினேன்; சரியாகவில்லை. இரவு முழுவதும் ஓடட்டும் என்று, கெட்ட மனைகளைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் போனபோது வட்டு "டக், டக்" என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது எந்தக் கணிப்பொறியிலும் எழவில்லை.

என் தவறு எது என்று பின்னர்ப் படித்தறிந்தேன். விண்டோஸ் திரையில் வரும் அந்த வாசகத்திற்கும் 199ஆம் வரிக்கும் பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. வட்டு தன் தட்டிலிருந்தே ஒரு மனையைப் படிக்க இயலாமல் கைவிரித்தாலும் விண்டோஸ் அதே பழைய வாசகத்தைத்தான் சொல்கிறது. அதாவது, அந்த வீட்டில் களஞ்சியமே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். அது போதாதென்று, சாகக்கிடந்த வட்டை இரவெல்லாம் மூலைமுடுக்கு விடாமல் ஓட வைத்தேன். முதலில் நகல் எடுத்திருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

உறுப்பினர்களின் பாஸ்புத்தகங்களை வாங்கி ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்கை மீண்டும் எழுதினோம். இருவருடைய கணக்கு மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. வித்தியாசம் 1,850 ரூபாய். அக்கா தம் கையிலிருந்து கட்டினார். பாதியை நான் தருகிறேன் என்றதற்கு, "நீ பரீட்சைக்குப் பணம் கட்டு தம்பி" என்று சொல்லிவிட்டார். தையல் தைத்துச் சேர்த்த பணம் அது.

ஆகவே இப்போது யாராவது கூப்பிட்டால் நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். கணிப்பொறி எழும் நிலையில் இருந்தால் முதல் வேலை, மிக முக்கியமான கோப்புகளை வெளியே எடுப்பது. வேறு எதையும் அதற்குமுன் தொடுவதில்லை. பிறகு ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து நான்கு எண்களையும் தாளில் தேதியுடன் எழுதிக்கொள்வேன். 5, 197, 198 ஏறியிருந்தால் அந்த வட்டை நம்பக்கூடாது. ஒரு படி எடுத்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான். கூகுள் நிறுவனம் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. தட்டைத் தேடிப் பார்க்கையில் முதல் பிழை தென்பட்ட வட்டு அடுத்த 60 நாட்களில் இறக்கும் வாய்ப்பு, பிழையில்லா வட்டைப்போல் 39 மடங்கு என்று அதில் கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு: இறந்த வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய முக்கியக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே இறந்தன. நான்கும் சுழியம் என்பதற்காக நிம்மதியாக உறங்கிவிட முடியாது.

199 மட்டும் ஏறியிருந்தால் கணிப்பொறியை அணைத்து, மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி நேராகச் செருகுவதே பல சமயம் போதும். தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசித் தூய்மையாகிவிடும். ஆனால் இதையே பொழுதுபோக்காக்கிவிடக்கூடாது. பெட்டிக்குள் இருக்கும் இந்தச் செருகிகள் 50 முறை மாட்டிக் கழற்றுவதைத் தாங்கினால் போதும் என்ற அளவில்தான் தரவிதி வகுத்தார்கள். அதன் பின்னும் சரியாகாவிட்டால் வேறு கேபிள், அதன் பின்னும் இல்லையென்றால் தாய்ப்பலகையில் வேறு துளை. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எது குணப்படுத்தியது என்று தெரியாமல் நிற்பவர்களை நம் செய்முறை வகுப்பிலேயே பார்க்கிறோம்.

மின்சாரக் கேபிளைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வட்டின் மோட்டாருக்கு 12 வோல்ட், அதன் மின்சுற்றுகளுக்கு 5 வோல்ட். இது தளர்ந்தாலும், மின்வழங்கி பலவீனமானாலும் வட்டு ஓடி நின்று, மறுபடி ஓடி, டக் டக் என்று சாகும் வட்டைப்போலவே நடிக்கும். ஒரே மின்கம்பியை இரண்டாகப் பிரிக்கும் மலிவான இணைப்பான்களில் இது மிகுதி. சிலவற்றில் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக் கருகிப்போவதும் உண்டு. ஆதலால் வட்டை இழவுப்பட்டியலில் சேர்க்குமுன் வேறு மின்முனையில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பாட்டியின் பல்பு வைத்தியந்தான்.

சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்டார்கள். சாட்டா வகை எஸ்.எஸ்.டி.க்கும் அதே சிவப்புக் கேபிள்தான். தாய்ப்பலகையிலேயே நேராகப் பதியும் வகைக்கு மட்டுமே கேபிள் தொல்லை இல்லை. நம் ஆய்வகத்திலும் எங்கள் தெருவிலும் அவை வந்துசேரும்வரை பழைய வட்டுகளே சுழன்றுகொண்டிருக்கும்.

199ஆம் வரியில் ஏறிய எண் ஒருபோதும் இறங்காது. கேபிளை மாற்றினாலும் பழைய தழும்பு அப்படியே நிற்கும். மேலும் ஏறுகிறதா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ஜன்னலோரக் கணிப்பொறியின் பக்கவாட்டில் தேதியும் 214 என்ற எண்ணும் எழுதிய சிறு தாளை ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் செய்முறை வகுப்பு முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். இந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்கும் இன்றும் 214தான்.